மசியாத ஏற்பி, மூடிய குரோமட்டின்: புரோமைலோசைட் இரத்தப் புற்றுநோயில் ஒரு சிறுமியின் நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய பதிவு

1998 நவம்பரில், ஒரே ஒரு நோயாளியை மட்டும் வைத்து எழுதப்பட்ட மருத்துவக் கட்டுரை ஒன்று வெளியானது. நோயாளி ஒரு சிறுமி. நோய், அக்யூட் புரோமைலோசைட் லுக்கீமியா, சுருக்கமாக ஏ.பி.எல். சிகிச்சை அளித்தது நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தின் குழு. நோய் பல முறை திரும்பி வந்திருந்தது. இந்த நோய்க்கு வழக்கமாகக் கைகொடுக்கும் ரெட்டினாயிக் அமிலமும் பலிக்காமல் போனது. அந்த நிலையில், டி.என்.ஏ. இழை சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களின் மேல் வேலை செய்யும் ஒரு மருந்தைக் குழு சேர்த்துக் கொடுத்தது. மஜ்ஜையிலிருந்து புற்றணுக்கள் மறைந்தன.

உட்கரு ஹார்மோன் ஏற்பியும் (ஹார்மோனைப் பிடித்து மரபணுவை இயக்கும் புரதம்) குரோமட்டினும் (டி.என்.ஏ.வும் ஹிஸ்டோனும் சேர்ந்த கட்டமைப்பு) சேர்ந்து மரபணுவை எப்படி ஆள்கின்றன என்பது பெரும்பாலும் சோதனைக்குழாயில் நிறுவப்பட்ட விஷயம். படுக்கையில் இருக்கும் ஒரு நோயாளியிடம் அந்த விசையைத் திருப்பிப் பார்த்த நிகழ்வு என்பதால் இது முக்கியமானது. அதே நிகழ்வைத் தவறாகப் படிக்கவும் நிறைய இடம் இருக்கிறது. அதனால்தான் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பின்னணி: ஏற்பி மரபணுவைத் திறக்கும் முறை

மனிதரிடம் 48 உட்கரு ஏற்பிகள் உள்ளன. ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோன், கார்ட்டிசால், வைட்டமின் டி ஆகியவற்றின் ஏற்பிகள் எல்லாம் ஒரே குடும்பம். வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினாயிக் அமிலத்தின் ஏற்பியான ஆர்.ஏ.ஆர். ஆல்ஃபாவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மரபணு 1987-இல் பிரித்தெடுக்கப்பட்டது. இந்த ஏற்பி தனியாக இயங்குவதில்லை, ஆர்.எக்ஸ்.ஆர். என்ற இன்னொரு ஏற்பியோடு ஜோடி சேர்ந்து டி.என்.ஏ.வில் உட்காருகிறது. உட்காரும் இடத்தில் ஆறு எழுத்துத் தொடர் ஒன்று இரண்டு முறை வரும். நடுவே பெரும்பாலும் ஐந்து எழுத்து இடைவெளி இருக்கும்.

கவனிக்க வேண்டியது: ஹார்மோன், அதாவது இங்கே ரெட்டினாயிக் அமிலம், இல்லாதபோதும் இந்த ஜோடி டி.என்.ஏ.வில்தான் இருக்கிறது. சும்மாவும் இருப்பதில்லை, மரபணுவை முனைந்து மூடி வைக்கிறது. ஏற்பியின் ஹார்மோன் பிணையும் பகுதியில் என்.கோ.ஆர்., எஸ்.எம்.ஆர்.டி. என்ற துணை அடக்கிப் புரதங்கள் ஒட்டிக்கொள்கின்றன. 1995-இல் கண்டறியப்பட்ட இவை, ஹிஸ்டோன் டீஅசிட்டைலேஸ் என்ற நொதியை, அதாவது எச்.டி.ஏ.சி.யை, அழைத்து வருகின்றன. எச்.டி.ஏ.சி.3 இந்தக் கூட்டத்தின் மைய நொதி என்பது பின்னர் தெளிவானது.

டி.என்.ஏ. இழை 147 எழுத்து நீளத்துக்கு ஹிஸ்டோன் உருளையைச் சுற்றிக்கொண்டிருப்பதுதான் நியூக்ளியோசோம். ஹிஸ்டோனின் வால் பகுதியில் உள்ள லைசின்களுக்கு நேர்மின்னூட்டம் உண்டு. அசிட்டைல் குழு ஒட்டினால் அந்த மின்னூட்டம் போய்விடும், பிடி தளரும். எச்.டி.ஏ.சி. அந்த அசிட்டைல் குழுவைக் கழற்றிவிடுவதால் பிடி இறுகுகிறது, மரபணு அடங்குகிறது.

ஹார்மோன் வந்து பிணைந்ததும் ஏற்பியின் கடைசிச் சுருள், அதாவது 12-ஆம் ஹெலிக்ஸ், இடம் மாறி ஹார்மோனின் மேல் மூடிபோல் படிகிறது. துணை அடக்கி பிடித்திருந்த பள்ளம் சிதைந்து, துணை ஊக்கி பிடிக்கும் பள்ளம் உருவாகிறது. பி160 வகைப் புரதங்களும் பி300 போன்ற அசிட்டைல் சேர்க்கும் நொதிகளும் வந்து சேர்கின்றன. உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை எரித்து நியூக்ளியோசோமை நகர்த்தும் ஸ்விஸ்னிஃப் கூட்டமும் இதில் பங்கு பெறுகிறது. எது முதலில், எது பிறகு என்பது மரபணுவுக்கு மரபணு மாறும். ஆர்.ஏ.ஆர்.-ஆர்.எக்ஸ்.ஆர். ஜோடியைச் சோதனைக்குழாயில் மறுகட்டமைத்தபோது, ஏ.டி.பி. செலவாகும் நகர்த்தல் முதலில் நடந்து ஏற்பி டி.என்.ஏ.வில் அமர உதவுவதும், அசிட்டைல் சேர்க்கும் நொதிகள் அதற்குப் பிறகு வேலை செய்வதும் தெரிந்தது. கடைசியில் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் வந்து மரபணுவைப் படிக்கத் தொடங்குகிறது.

இயல்பான ஆர்.ஏ.ஆர். ஆல்ஃபாவுக்கு இந்த மாற்றம் நிகழ, இரத்தத்தில் இயற்கையாகவே இருக்கும் நானோமோல் அளவு (மைக்ரோமோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு செறிவு) ரெட்டினாயிக் அமிலம் போதும். வெள்ளணுக்கள் முதிர்ச்சி அடைவதற்கான மரபணுக்கள் இந்தக் கட்டளையில்தான் திறக்கின்றன.

நோயின் வேர்

ஏ.பி.எல். 1957-இல் நார்வேயில் தனி நோயாக விவரிக்கப்பட்டது. சில வாரங்களிலேயே இரத்தக்கசிவில் மரணம் என்பதே அதன் அடையாளமாக இருந்தது. 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியிருப்பது 1977-இல் சிகாகோவில் கண்டறியப்பட்டது. அந்த இடமாற்றத்தில் வெட்டுப்பட்டது எந்த மரபணு என்பதற்கு விடை 1990-91-இல் கிடைத்தது. 17-ஆம் குரோமோசோமின் ஆர்.ஏ.ஆர். ஆல்ஃபாவும் 15-ஆம் குரோமோசோமின் பி.எம்.எல். என்ற மரபணுவும் ஒட்டி, ஒரே புரதமாக வெளிவருகின்றன.

இந்த ஒட்டுப்புரதம் டி.என்.ஏ.வில் பிணைகிறது, ரெட்டினாயிக் அமிலத்தையும் பிடிக்கிறது. பிறகு கோளாறு எங்கே? பி.எம்.எல். பகுதியில் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும் சுருள் ஒன்று இருக்கிறது. அதன் வழியாக ஒட்டுப்புரதங்கள் கூட்டாகச் சேர்கின்றன. கூட்டில் துணை அடக்கிகள் நெருக்கமாகவும் உறுதியாகவும் பிடித்துக்கொள்கின்றன. நானோமோல் அளவு ஹார்மோன் வந்தாலும் விடுவதில்லை. அடக்கிகள் விலக மைக்ரோமோலை ஒட்டிய அளவு தேவைப்படுகிறது. வெள்ளணு புரோமைலோசைட் என்ற இடைப்பருவத்திலேயே நின்றுபோகிறது. பிரிந்து பெருகுவது மட்டும் நிற்பதில்லை.

1998 தொடக்கத்தில் மூன்று ஆய்வுக்குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதை நிறுவின. அவற்றில் ஒரு சான்று குறிப்பாக வலுவானது. ஏ.பி.எல்.லில் அரிதாக, 11-ஆம் குரோமோசோமின் பி.எல்.இசட்.எஃப். என்ற மரபணு ஆர்.ஏ.ஆர். ஆல்ஃபாவோடு ஒட்டும். அந்த நோயாளிகளுக்கு ரெட்டினாயிக் அமிலம் பலிப்பதில்லை. காரணம், பி.எல்.இசட்.எஃப். பகுதியே துணை அடக்கியைப் பிடித்துக்கொள்கிறது. ஹார்மோன் வந்து ஆர்.ஏ.ஆர். பகுதியில் உள்ள அடக்கியை விலக்கினாலும், மறுமுனையில் உள்ளது போவதில்லை. ஆனால் எச்.டி.ஏ.சி.யைத் தடுக்கும் பொருளைச் சேர்த்தால், எதிர்ப்புக் காட்டும் உயிரணுக்களும் மருந்துக்கு இசைந்தன. ஆய்வகத்தில் கிடைத்த இந்த முடிவுதான் சிறுமியின் சிகிச்சைக்கு நேரடி வித்து.

ரெட்டினாயிக் அமிலம் அதுவரை செய்ததும் செய்யாததும்

ஷாங்காய் மருத்துவர்கள் 1988-இல் வெளியிட்ட முடிவுகள் இந்த நோயின் போக்கையே மாற்றின. 24 நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 45 முதல் 100 மில்லிகிராம் வரை ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம், அதாவது அட்ரா, வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. எல்லோருக்கும் முழுத் தணிவு, அதாவது நோயின் தடயம் தெரியாத நிலை, கிடைத்தது. ஒருவருக்கு மட்டும் குறைந்த அளவு சைட்டராபின் என்ற கீமோதெரபி மருந்தைச் சேர்க்க வேண்டியிருந்தது. மஜ்ஜை வறளவில்லை, புற்றணுக்கள் சாகடிக்கப்படாமல் முதிர்ந்தன. அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு: எட்டுப் பேருக்கு 2 முதல் 5 மாதத்தில் நோய் திரும்பியது.

அட்ராவை மட்டும் தொடர்ந்தால் நோய் ஏன் திரும்புகிறது? இரண்டு காரணங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒன்று, மருந்து போய்ச் சேர்வதில்லை. 45 மில்லிகிராம் அளவில் முதல் நாட்களில் இரத்தத்தில் உச்ச அளவு சுமார் 1 மைக்ரோமோல் வரை ஏறுகிறது. அரை ஆயுள் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. தொடர்ந்து சில வாரம் கொடுத்தால், மருந்தைச் சிதைக்கும் நொதிகளை உடலே கூடுதலாக உண்டாக்கிக்கொள்கிறது. மாத்திரை அளவு மாறாமலே இரத்த அளவு பாதியாக விழுந்துவிடலாம். மைக்ரோமோலை ஒட்டிய அளவு இருந்தால்தான் அடக்கி விலகும் என்னும்போது இது சின்ன இழப்பல்ல.

இரண்டு, ஒட்டுப்புரதமே மாறிவிடுகிறது. அட்ரா எடுத்தபின் நோய் திரும்பியவர்களில் சுமார் 40 சதவீதம் பேரிடம் ஹார்மோன் பிணையும் பகுதியில் மியூட்டேஷன் இருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அங்கே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் ஹார்மோன் பிணைவது தளரலாம், அல்லது பிணைந்தபின் 12-ஆம் ஹெலிக்ஸ் சரியாக மடங்காமல் போகலாம். இரத்தத்தில் எவ்வளவு மருந்து இருந்தாலும் அடக்கி நகராது.

எடுத்த முடிவும் காரணமும்

சிறுமிக்கு முதலில் அட்ரா மட்டும் கொடுக்கப்பட்டது. நோய் அசையவில்லை. அடுத்த படியாக சோடியம் ஃபீனைல்பியூட்டிரேட் சேர்க்கப்பட்டது.

இந்த மருந்தை ஏன் தேர்ந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. 1998-இல் எச்.டி.ஏ.சி.யைத் தடுக்கும் பொருள்கள் வேறும் இருந்தன. டிரைகோஸ்டாட்டின் ஏ நானோமோல் அளவிலேயே வேலை செய்யும், ஆனால் அது ஆய்வகப் பொருள். மனிதருக்குக் கொடுக்கும் நிலையில் இல்லை. ஃபீனைல்பியூட்டிரேட் அப்படியல்ல. யூரியா சுழற்சிக் கோளாறு உள்ள குழந்தைகளின் இரத்தத்தில் சேரும் அம்மோனியாவைக் குறைக்க ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்து அது. குழந்தைகளிடம் அதன் பக்கவிளைவுகள் தெரிந்திருந்தன. பலவீனமான தடுப்பான்தான், மில்லிமோலை ஒட்டிய அளவு தேவை. ஆனால் நாள் எண்ணிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு, வலுவான ஆனால் கைக்கு எட்டாத மருந்தை விட, பலவீனமான ஆனால் பழக்கப்பட்ட மருந்து பொருத்தம். இந்தத் தேர்வு சரியானது என்றே சொல்ல வேண்டும்.

அட்ராவை நிறுத்தாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. எச்.டி.ஏ.சி.யைத் தடுப்பது பூட்டைத் தளர்த்தும் வேலை மட்டுமே. எந்த மரபணு திறக்க வேண்டும் என்ற முகவரி, டி.என்.ஏ.வில் உட்கார்ந்திருக்கும் ஏற்பியிடம் இருக்கிறது. ஹார்மோன் இல்லாமல் அசிட்டைலை மட்டும் கூட்டினால், திறப்பு அங்கங்கே நடக்கும். வெள்ளணு முதிரும் பாதைக்கு அது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

அட்ராவை முதலில் தனியாகக் கொடுத்துப் பார்த்ததும் திட்டமிட்ட படி. ஒரே நோயாளி என்றால் ஒப்பீட்டுக் குழு கிடையாது. அவருடைய முந்தைய நிலையே ஒப்பீடு.

மருந்து கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்

ஃபீனைல்பியூட்டிரேட்டை இரத்தக் குழாய் (சிரை) வழியாகக் கொடுப்பதில் சிக்கல், அதன் சோடியம். எடையில் எட்டில் ஒரு பங்கு சோடியம்தான். 10 கிராம் மருந்தில் சுமார் 1.24 கிராம் சோடியம் போகிறது. இது ஏறக்குறைய 350 மில்லிலிட்டர் நார்மல் சலைனுக்குச் சமம். பொட்டாசியம் குறையவும் வாய்ப்புண்டு. அளவு ஏறினால் தூக்கக்கலக்கமும் குழப்பமும் வரும். வயதுவந்தோரிடம் பின்னர் நடந்த பரிசோதனைகளில் அளவை மேலும் ஏற்ற முடியாமல் தடுத்தது இந்த நரம்பு விளைவுதான். அரை ஆயுள் ஒரு மணி நேரத்தை ஒட்டியது என்பதால் ஒரே வேளையில் கொடுத்துவிட்டு இருக்க முடியாது. பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இதில் ஏ.பி.எல்.லுக்கே உரிய ஓர் ஆபத்தும் சேர்கிறது. முதிரத் தொடங்கும் புற்றணுக்கள் நுரையீரலில் போய்ச் சேர்வதால் காய்ச்சல், மூச்சுத்திணறல், எடை கூடுதல், நெஞ்சில் நீர் கோத்தல் எல்லாம் வரலாம். முன்பு ரெட்டினாயிக் அமில நோய்க்குறி என்றார்கள். இப்போது முதிர்வு நோய்க்குறி என்கிறார்கள். அட்ரா எடுப்பவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு வருவதாக ஆரம்ப ஆண்டுகளில் பதிவானது. எடை இரண்டு கிலோ கூடினால், அது சோடியத்தால் வந்த நீரா, நோய்க்குறியின் தொடக்கமா என்று படுக்கையருகில் பிரித்தறிவது கடினம். காத்திருந்து தெளிவு தேடுவது ஆபத்து. சந்தேகம் வந்த உடனே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 10 மில்லிகிராம் நாளுக்கு இரு முறை, குறைந்தது மூன்று நாள் என்பதே வயதுவந்தோருக்கான வழக்கம். சிறுவர்களுக்கு எடைக்கு ஏற்பக் கணக்கிட வேண்டும்.

இரத்தக்கசிவு தனி அபாயம். பிளேட்லெட் 30,000-50,000க்குக் கீழும் இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் புரதம் டெசிலிட்டருக்கு 100-150 மில்லிகிராமுக்குக் கீழும் இறங்காமல் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஹிஸ்டோனை அளந்த விதம்

இந்த நிகழ்வை மற்ற ஒற்றை நோயாளிக் கட்டுரைகளிலிருந்து பிரித்து நிறுத்துவது இந்தப் பகுதிதான். மருந்து கொடுத்தோம், நோய் தணிந்தது என்று குழு நிறுத்திக்கொள்ளவில்லை. மருந்து அதன் இலக்கைத் தொட்டதா என்று நோயாளியின் உயிரணுக்களிலேயே பார்த்தார்கள். இரத்தத்திலிருந்தும் மஜ்ஜையிலிருந்தும் ஒற்றை உட்கரு உயிரணுக்களைப் பிரித்து, ஹிஸ்டோன் அசிட்டைலேற்றத்தை ஒளிரும் எதிர்ப்புரதச் சாயத்தாலும் புரதங்களை ஜெல்லில் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் முறையாலும் அளந்தார்கள். நேரம் செல்லச் செல்ல அசிட்டைலேற்றம் ஏறியது.

இதைத் திரும்பச் செய்ய விரும்பும் ஆய்வகங்கள் சறுக்கும் இடங்கள் ஏறத்தாழ எப்போதும் ஒன்றே. அசிட்டைல் குழு நிமிடக்கணக்கில் ஏறி இறங்கும். குழாய் அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் இருந்தால், ஃபைகோல் என்ற பிரிப்புக் கரைசலில் பிரித்து முடிக்கும்போது உயிரணுவின் சொந்த நொதியே பாதி அசிட்டைலைக் கழற்றியிருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்ற பொய்யான முடிவு வரும். மாதிரி எடுத்த கையோடு பனிக்கட்டியில் வைத்து, பிரிக்கும் கரைசல்கள் எல்லாவற்றிலும் 5 மில்லிமோல் அளவில் சோடியம் பியூட்டிரேட் சேர்த்தால் இது நிற்கும். ஹிஸ்டோனை 0.2 நார்மல் அமிலத்தில் பிரித்தெடுத்து, 15 சதவீத ஜெல்லில் ஓட்ட வேண்டும். மொத்த ஹிஸ்டோன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை கூமாஸி சாயத்திலோ, எச்3 என்ற ஹிஸ்டோனின் மாறாத பட்டையிலோ சரிபார்க்காமல் அசிட்டைல் பட்டையின் கருமையை மட்டும் ஒப்பிட்டால் அது அளவீடே ஆகாது.

மாதிரி எடுக்கும் நேரமும் முக்கியம். மருந்து ஏற்றுவதற்கு முன் ஒன்று, ஏற்றி முடிந்ததும் ஒன்று, அடுத்த வேளைக்குச் சற்று முன் ஒன்று எனக் குறைந்தது மூன்று மாதிரிகள் இருந்தால்தான் உச்சமும் தாழ்வும் தெரியும்.

நடந்தது

ஃபீனைல்பியூட்டிரேட் தொடங்கிய 23-ஆம் நாள் எடுத்த மஜ்ஜையில் கண்ணுக்குத் தெரியும் புற்றணுக்கள் இல்லை. அதை அடுத்து முழு மருத்துவத் தணிவு கிடைத்தது. குரோமோசோம் பரிசோதனையிலும் இடமாற்றம் தெரியவில்லை. இரண்டாம் சுற்று சிகிச்சைக்குப் பிறகு, ஒட்டு மரபணுவின் ஆர்.என்.ஏ.வைத் தேடும் ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையும் எதிர்மறையாக வந்தது. பல முறை நோய் திரும்பிய ஒருவருக்கு, புதிய கீமோதெரபி எதுவும் இல்லாமல் இது நடந்தது.

அன்றைய நிலையில் இதன் எடையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. எச்.டி.ஏ.சி. முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது 1996-இல். அந்த நொதியைத் தடுத்து, ஏற்பி மூடி வைத்த மரபணுக்களைத் திறக்க வைத்து, நோயாளிக்குத் தணிவு பெற்றுத் தந்தது 1998-இல். அடிப்படைக் கண்டுபிடிப்புக்கும் படுக்கைக்கும் இடையே இவ்வளவு குறுகிய தூரம் மருத்துவத்தில் அபூர்வம்.

ஆனால் தணிவு நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. பல முறை நோய் திரும்பிய வேறு சில நோயாளிகளுக்கும் இதே சேர்மானம் பின்னர் கொடுக்கப்பட்டது. முதல் நோயாளிக்குக் கிடைத்த முழுத் தணிவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதை எப்படிப் படிக்கக்கூடாது

அசிட்டைல் ஏறியது, நோய் போனது, ஆகவே அசிட்டைலேற்றமே நோயைப் போக்கியது என்ற வாசிப்பு முழுதாக நிற்காது. மூன்று ஓட்டைகள் உண்டு.

முதலாவது, அட்ராவின் தாமதப் பலன். புதிதாக நோய் கண்டவர்களிடமே அட்ரா மட்டும் கொடுத்து முழுத் தணிவு வர ஐந்து, ஆறு வாரங்கள் ஆகும். ஆகவே தனி அட்ரா காலம் குறுகியதாக இருந்தால், அதை முழுமையான ஒப்பீடு என்று கொள்ள முடியாது. சிறுமியின் நோய் முன்பே பல முறை திரும்பியது என்பது இந்தச் சந்தேகத்தைப் பெருமளவு குறைக்கிறது, அறவே நீக்கவில்லை.

இரண்டாவது, அளந்தது மொத்த ஹிஸ்டோன். இரத்த ஒற்றை உட்கரு உயிரணுக்களில் இயல்பான லிம்போசைட்டுகளும் அடக்கம். அவற்றிலும் மருந்து அசிட்டைலை ஏற்றும். ஆகவே அந்த அளவீடு சொல்வது, மருந்து உடலில் போதிய அளவு இருக்கிறது, நொதி தடைபட்டது என்பதை மட்டுமே. ஒட்டுப்புரதம் உட்கார்ந்திருக்கும் மரபணு வாசலில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேறு சோதனை வேண்டும். ஆர்.ஏ.ஆர். பீட்டா2 இதற்கு நல்ல காட்டி. அதன் வாசலில் ஐந்து எழுத்து இடைவெளி கொண்ட ஏற்பித்தளம் இருப்பது 1990-லேயே தெரியும்.

மூன்றாவது ஓட்டைதான் பெரியது. மரபணு திறப்பதும் நோய் வேரறுவதும் ஒன்றா? 2000க்குப் பிறகு வந்த எலி ஆய்வுகள் இதைத் தனியாகப் பிரித்தன. பி.எல்.இசட்.எஃப். ஒட்டு உள்ள எலிகளில் எச்.டி.ஏ.சி. தடுப்பானும் ரெட்டினாயிக் அமிலமும் சேர்ந்து தணிவைத் தந்தன. இன்னோர் எச்.டி.ஏ.சி. தடுப்பானான வால்ப்ரோயிக் அமிலம் ஏ.பி.எல். எலிகளில் புற்றணுக்களை முதிர வைத்தது, கட்டியும் குறைந்தது. ஆனால் நோயைத் திரும்பத் தொடங்கி வைக்கும் மூல உயிரணுக்கள் அப்படியே மிஞ்சின. ஏற்பியைத் தூண்டும், ஆனால் ஒட்டுப்புரதத்தைச் சிதைக்காத செயற்கை ரெட்டினாய்டுகளைப் பாரிஸ் குழு கொடுத்துப் பார்த்தபோதும் அதே கதை: முதிர்ச்சி வந்தது, வேர் போகவில்லை.

ஆக, ரெட்டினாயிக் அமிலம் உண்மையில் இரண்டு வேலை செய்கிறது. துணை அடக்கியை விலக்கி மரபணுவைத் திறப்பது ஒன்று. ஒட்டுப்புரதத்தையே, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமுக்கு அனுப்பிச் சிதைப்பது இன்னொன்று. முதலாவது புற்றணுவை முதிர வைக்கிறது. நோய் நிரந்தரமாகப் போவதற்கு இரண்டாவதும் வேண்டும். சிறுமியின் சிகிச்சையில் ஃபீனைல்பியூட்டிரேட் பலப்படுத்தியது முதலாவதை. தணிவு வந்ததும் அது நிலைக்காமல் போனதும் இந்த ஒரே விளக்கத்துக்குள் பொருந்துகின்றன.

துறை எந்தப் பக்கம் திரும்பியது

அதே 1998 நவம்பரில், அதே நகரத்தில் இருந்து, ஆர்செனிக் டிரையாக்சைடு பற்றிய அறிக்கையும் வந்தது. நோய் திரும்பிய 12 பேரில் 11 பேருக்கு முழுத் தணிவு. ஆர்செனிக் ஏற்பிப் பகுதியைத் தொடுவதே இல்லை. பி.எம்.எல். பகுதியின் சிஸ்டீன்களில் பிணைந்து, அதன்மேல் சுமோ என்ற சிறுபுரதத்தை ஏற வைத்து, ஒட்டுப்புரதம் முழுவதையும் சிதைவுக்கு அனுப்புகிறது. ஹார்மோன் பிணையும் பகுதியில் மியூட்டேஷன் இருந்தாலும் ஆர்செனிக்குக்குக் கவலையில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இந்தத் திசையில் செய்த பணி உலகமே கவனித்த ஒன்று. 1998 ஜனவரி முதல் 2004 டிசம்பர் வரை, புதிதாக நோய் கண்ட 72 பேருக்கு அட்ரா இல்லாமல் ஆர்செனிக்கை மட்டும் வைத்துச் சிகிச்சை அளித்தார்கள். சுமார் 86 சதவீதம் பேருக்கு முழுத் தணிவு கிடைத்தது. பெரும்பாலோருக்கு அது நிலைத்தது. அட்ராவும் கீமோதெரபியும் எட்டாத குடும்பங்களுக்கு இது உயிர் காத்த வழி.

2013-இல் இத்தாலி, ஜெர்மனி மருத்துவமனைகளின் பரிசோதனை, அட்ராவையும் ஆர்செனிக்கையும் சேர்த்து, கீமோதெரபி இன்றி, குறைந்த, நடுத்தர அபாய நோயாளிகளுக்குக் கொடுத்தது. இரண்டு ஆண்டுகளில் நிகழ்வற்ற வாழ்வு (சிகிச்சைத் தோல்வியோ நோய் திரும்புதலோ மரணமோ இல்லாமல் இருப்பது) 97 சதவீதம். அட்ராவும் கீமோவும் பெற்றவர்களுக்கு 86 சதவீதம்.

எச்.டி.ஏ.சி. தடுப்பான்கள் வேறு நோய்களில் இடம் பிடித்தன. வோரினோஸ்டாட் 2006-இல் தோலில் வரும் டி-செல் லிம்போமாவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இன்று இதே நோயாளி வந்தால்

சந்தேகம் எழுந்த அந்த வேளையிலேயே அட்ரா, மரபணு முடிவுக்குக் காத்திராமல். அளவு நாளுக்குச் சதுர மீட்டருக்கு 45 மில்லிகிராம், இரு வேளையாகப் பிரித்து. சிறுவர்களுக்கு 25 மில்லிகிராமே பல மையங்களின் வழக்கம், ஏனென்றால் அவர்களுக்குத் தலைக்குள் அழுத்தம் கூடும் வாய்ப்பு அதிகம். நோய் உறுதியானதும் ஆர்செனிக் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம். ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியைப் பார்த்து, பொட்டாசியம் லிட்டருக்கு 4 மில்லிஈக்விவலன்ட்டுக்கு மேலும் மக்னீசியம் டெசிலிட்டருக்கு 1.8 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

நோய் திரும்பினால் அடுத்த மருந்தை எடுப்பதற்கு முன் ஒட்டுமரபணுவை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். ஹார்மோன் பிணையும் பகுதியில் மியூட்டேஷன் இருந்தால் அட்ராவின் அளவை ஏற்றுவதில் பயனில்லை. பி.எம்.எல். பகுதியில், குறிப்பாக 216-ஆம் இடத்தில் அலனைன் வேலினாக மாறியிருந்தால், ஆர்செனிக்கும் கைவிடும். இரண்டும் வேறு வேறு முனைகள். முடிவும் வேறு வேறு.

யாராவது எச்.டி.ஏ.சி. தடுப்பானை ஏற்பி சார்ந்த ஒரு நோயில் மறுபடி முயன்றால், மொத்த அசிட்டைலேற்றத்தோடு நிறுத்தக்கூடாது. மஜ்ஜையிலிருந்து புற்றணுக்களை மட்டும் பிரித்து, இலக்கு மரபணு வாசலில் குரோமட்டின் வீழ்படிவு முறையில் (டி.என்.ஏ.வில் எந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்று காட்டும் சோதனை) எச்3 அசிட்டைலும் என்.கோ.ஆர்.ரும் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்; அதே மரபணுவின் ஆர்.என்.ஏ. ஏறியதா என்று அளக்க வேண்டும். ஒட்டுப்புரதத்தின் அளவு குறைந்ததா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது எண் 1998-இல் முன்னிலைக்கு வரவில்லை, ஏனென்றால் அன்றைய கேள்வி குரோமட்டினைப் பற்றியது. முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகள், நோய் திரும்பியபோது எடுத்தது உட்பட, திரவ நைட்ரஜனில் தனித்தனிக் குப்பிகளில் இருந்தால், பிறகு எழும் கேள்விகளுக்கும் அதே நோயாளியிடமிருந்து பதில் எடுக்கலாம். பல முறை நோய் திரும்பியவர்களிடம் ஹார்மோன் பிணையும் பகுதியின் மியூட்டேஷன்கள் 2002-இல் விவரிக்கப்பட்டது, அப்படி எடுத்து வைத்த மாதிரிகளிலிருந்துதான்.